பட்டமும் சம்பளமும்

1939-ஆம் ஆண்டின் இறுதியில், ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு சில வாரங்களே ஆகியிருந்த வேளையில், இத்தாலிய நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் புதல்வர் மரியோவுடன் சென்னைக்கு வந்து, அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோப்புக்குள் ஓலைக் கொட்டகைகளில் தமது முதல் இந்தியப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியபோது, தேசத்தின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் அவரிடம் பாடம் கேட்க வந்து கூடினார்கள். சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் சில மாதங்களுக்கென்று வந்த அம்மையார், 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பகைநாட்டுப் பிரஜையாகக் கருதப்பட்டு, 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. அந்த இடைக்காலத்தில் அவரிடம் பயின்று வெளியேறிய ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1937-இல், வி.என். சர்மாவும் ஜெர்மனியில் பிறந்த அவருடைய துணைவியார் எல்லன் சர்மாவும் மயிலாப்பூரில் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். 1949-இல், காமராஜரின் ஆதரவோடு, மஞ்சுபாஷிணி அம்மையார் ஆதரவற்ற குழந்தைகளுக்காகப் பால மந்திரத்தை நிறுவினார். அது தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் இன்றும் நடந்து வருகிறது.

குழந்தையின் முதல் ஆறு வயதைப் பற்றிய சாஸ்திர ஞானத்துக்குச் சென்னை நகரம் ஒருநாளும் பஞ்சப்பட்டதில்லை என்பதற்கு இவையே போதிய சாட்சி. அந்த ஞானத்தைக் கைக்கொண்டு நாள்தோறும் குழந்தைகளோடு உழைக்கும் பெண்களுக்கு என்ன சம்பளம் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும், எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும், நேரான விடை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இப்போது அவர்களுக்குச் சான்றிதழும் பட்டயமும் பட்டமும் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. எழுந்தது நல்லதே. ஆனால் சம்பள விகிதத்தை முதலில் எழுதி வைத்துவிட்டு அதன் பிறகு பட்டத்தைக் கேட்பதுதான் நியாயம் என்றும், பட்டம் வந்துவிட்டால் சம்பளம் தானே பின்தொடரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் அண்மையில் நாம் பிரத்தியட்சமாகக் கண்ட அநுபவத்துக்கு விரோதமானது என்றும் நான் கருதுகிறேன்.

ஏழைக் குழந்தைகளுக்கான பாலர் கல்வி அரசாங்கத்தின் திட்டமாக உருவெடுத்த வரலாற்றிலும் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. பிற்காலத்தில் தரமணியிலிருந்து பணியாற்றி 2022-இல் காலமான மீனா சுவாமிநாதன் அம்மையாரின் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு, பள்ளி செல்லும் வயதுக்கு முற்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி குறித்து 1972-இல் அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. அன்று, அந்தந்த ஊரிலேயே வசிக்கும் ஒரு பெண், சேவை மனப்பான்மையோடு நாளில் சில மணி நேரம் செலவிடுவாள், அதற்கு அவளுக்கு ஒரு சிறு தொகை கௌரவமாக அளிக்கப்படும் என்ற கற்பனையின் மீதே திட்டம் எழுந்தது. மையங்கள் பெருகின, வேலை பெருகிற்று, பதிவேடுகள் பெருகின, ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன, கற்பனை மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அவற்றைப் பரிபாலிக்கும் இயக்குநரகமும் அடையாற்றை அடுத்த தரமணியில்தான் இருக்கிறது.

பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்திலோ, நொச்சிக்குப்பத்திலோ, ஊரூர்க் குப்பத்திலோ காலையில் மீன் விற்கவும் வீட்டுவேலைக்கும் கிளம்பும் தாய்மார், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் பழைய பழக்கத்தில் ‘பால்வாடி’ என்றே சொல்லும் அந்த ஒற்றை அறையில் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள். மந்தைவெளியிலும் காந்தி நகரிலும் பாத்திரம் துலக்கப்பட்டு, வீடு பெருக்கப்பட்டு, நமது வீடுகளின் குழந்தைகள் வேளையோடு பள்ளிக்கு அனுப்பப்படுவது, அந்த அறையில் ஒருத்தி இருபது இருபத்தைந்து குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதால்தான் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

அவள் செய்யும் வேலைதான் என்ன? இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்க, ஒன்று தாயை நினைத்து அழ, மற்றொன்று பக்கத்துக் குழந்தையின் கட்டைகளைப் பறிக்க, மூன்றாவது ஒன்று சொல்லத் தெரியாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடக்க, அது உறக்கமா, பசியா, காய்ச்சலா என்று முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டு, அதே வேளையில் மற்றக் குழந்தைகளை வட்டமாக நிற்கவைத்துப் பாட்டுப் பாடி, நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே நுழையும்படி செய்வது என்பது, முயன்று பாராதவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும் ஒரு வித்தை. தமிழ்நாட்டு மையங்களுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் தயாரிக்கப்பட்டிருக்கிறது. நல்ல பெயர், பாடத்திட்டமும் மோசமில்லை. ஆனால் ஆடவும் பாடவும் வேண்டிய அந்த முற்பகலிலேதான் சமையல் மேற்பார்வையும், வாரத்துக்கு மூன்று முட்டை என்ற கணக்கும், எடை போட்டு உயரம் அளந்து வளர்ச்சி அட்டையில் குறிப்பதும், கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைத் தாய்மார்களுக்கும் சத்துமாவு வழங்குவதும், தடுப்பூசி நாள் அறிவிப்பதும், அனைத்தையும் கைப்பேசியில் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏற்றுவதும் நடந்தாகவேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பதவியும் சிலருக்குக் கிடைக்கும்.

“குழந்தை வளர்ப்பது பெண்களுக்கு இயல்பாக வருவது, தாய்மைக்கு எதற்குப் பட்டம்?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தன் குழந்தையைத் தான் வளர்ப்பதற்குப் பட்டம் வேண்டாம் என்பது உண்மையே. பிறர் பெற்ற இருபது குழந்தைகளை ஒரே அறையில் வைத்து, எந்தக் குழந்தையின் பேச்சு வயதுக்கு ஏற்றபடி வரவில்லை, எந்தக் குழந்தையின் காது சரியாகக் கேட்கவில்லை என்று வேளையில் கண்டுபிடிப்பதற்குப் படிப்பும் வேண்டும். கைதேர்ந்த ஒருவர் அருகில் நின்று காட்டிக்கொடுப்பதும் வேண்டும். மாண்டிசோரி அம்மையார் வைத்தியம் படித்தவர் என்பதையும், தம் மாணவர்களிடம் அவர் வற்புறுத்தியது குழந்தையை இடைவிடாது உற்று நோக்கும் பழக்கத்தையே என்பதையும் இங்கே நினைவூட்டலாம். ஆகவே பயிற்சி வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

சம்பள விஷயத்துக்கு வருவோம். மத்திய அரசாங்கம் அங்கன்வாடிப் பணியாளருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம், 2018 அக்டோபர் முதல் மாதம் ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250. அதற்கு மேல் கொடுப்பதும் கொடாததும் மாநிலங்களின் தாராளத்தைப் பொறுத்தது. இந்த வகையில் தமிழ்நாடு மற்றப் பல மாநிலங்களைவிட மேலான நிலையில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் எழுதுவது நேர்மையாகாது. இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற பெயரில் பணியாளருக்கு ரூ.7,700–24,200 என்றும், உதவியாளருக்கு ரூ.4,100–12,500 என்றும் விகிதம் உண்டு, அகவிலைப்படியும் உண்டு. ஆயினும், அடுத்த கட்டடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் விகிதம் ரூ.20,600–65,500. ஐந்து வயது நிறைந்த குழந்தை ஒரு சுவரைத் தாண்டிப் போனவுடன், அதற்குக் கற்பிப்பவரின் உழைப்பு ஏறக்குறைய மூன்று பங்கு மதிப்புப் பெற்றுவிடுகிறது. இடைநிலை ஆசிரியர்களும் தங்களுக்குள் சம வேலைக்குச் சம ஊதியம் இல்லையென்று வருஷக்கணக்கில் போராடி வருகிறார்கள். அது வேறு வழக்கு, நியாயமான வழக்கு.

இனி, நான் மேலே குறிப்பிட்ட அநுபவம். 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசாங்கம் தொடங்கியது. தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட இயலாத பெற்றோரின் நெடுநாள் ஏக்கத்தைத் தீர்க்கும் நல்ல முயற்சி அது. கற்பிக்க யார் என்ற கேள்வி வந்தபோது, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அந்த வகுப்புகளுக்கு மாற்றினார்கள். மாற்றப்பட்டவர்களோ அதைப் பதவியிறக்கம் என்று கருதினார்கள். ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ அந்த மாதமே தொடங்கிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இந்த மாறுதல்களை ரத்துச் செய்யவேண்டும் என்பதும் ஒன்றாயிற்று. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பாலர் கல்விக்கென்று அவர்கள் பயிற்றப்பட்டவர்கள் அல்லர். மேலும், எந்த அறையில் பல்லாண்டுகளாக 7,700 ரூபாய் விகிதத்து உத்தியோகம் நடந்து வந்ததோ, அந்த அறைக்குள் போகச் சொன்னால் கௌரவக் குறைவு என்று மனிதருக்குத் தோன்றாமல் இராது. சமுதாயம் ஒரு வேலையை எப்படி மதிக்கிறது என்பதை அதன் சம்பளத்தைப் பார்த்தே எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2022 ஜூனில் அந்த வகுப்புகளைப் பள்ளிகளிலிருந்து விலக்கிப் பழையபடி அங்கன்வாடிகளின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது என்று ஒரு முடிவு வெளிவந்து, பொதுமக்களின் எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. வகுப்புகள் தொடரும், தனி ஆசிரியர்கள் நியமிக்கப்படுவார்கள் என்றார்கள். நியமிக்கவும் செய்தார்கள்: ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்றவர்களை, தற்காலிகமாக, மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் இரண்டு ஆண்டுகள் படித்துப் பட்டயம் பெற்று வந்த பெண், பட்டயம் கேட்கப்படாத அங்கன்வாடிப் பணியாளரின் தொடக்க விகிதத்தைவிடக் குறைந்த தொகைக்கு, அதே வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்க அமர்த்தப்பட்டாள். 20,600-க்கு உரியவர் வர விரும்பாத வகுப்பறைக்கு, 7,700-க்கு உரியவரை ஆசிரியை என்று அழைக்க மனமில்லாமல், 5,000-க்கு ஒருவரைத் தேடிப் பிடித்தோம். படிப்புக்கும் சம்பளத்துக்கும் தானாக ஏற்படும் சம்பந்தம் எதுவும் இத்துறையில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேறெங்கே தேடுவது?

நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் இந்த விஷயத்தில் படிக்கத் தக்கவை. கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை தம் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் தகராறுச் சட்டத்தை நாடியபோது, கல்வி புகட்டுவது உன்னதமான தொண்டு, அதைத் தேர்ச்சி பெற்ற உழைப்பென்றோ எழுத்தர் வேலையென்றோ வகைப்படுத்த முடியாது, ஆகையால் ஆசிரியர் அச்சட்டத்தின் பொருளில் தொழிலாளி அல்லர் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கர்நாடகத்து அங்கன்வாடிப் பணியாளர் வழக்கில் 2006-இல் அதே நீதிமன்றம், அவர்கள் வகிப்பது அரசுப் பதவி ஆகாது என்றது. ஒருவர் உன்னதமானவர் என்பதால் தொழிலாளி அல்லர். மற்றவர் தொண்டர் என்பதால் ஊழியர் அல்லர். இரண்டு கௌரவங்களும் ஒரே இடத்தில், அதாவது சம்பள நாளன்று, வந்து முடிகின்றன. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கில்தான் காற்று சற்றுத் திரும்பியது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும், மதிப்பூதியம் என்று பெயரிட்டாலும் அவர்கள் வாங்குவது ஊதியமே, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அங்கே நடப்பது கல்விப் பணியே என்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும் தீர்ப்பளித்தார்கள். கல்விப் பணி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகும், சமூக நலத்துறையின் கணக்கில் ஒரு விகிதமும் பள்ளிக்கல்வித் துறையின் கணக்கில் வேறொரு விகிதமுமாக எழுதுவதற்கு என்ன நியாயம் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் யோசனையை எடைபோடவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம், அதையும் வேலைக்கு இடையூறு இல்லாமல் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் கற்கலாம் என்பது அந்த யோசனை. வேலைக்கு இடையூறு இல்லாமல் என்றால், வேலை முடிந்து, வீட்டுச் சமையலும் முடிந்து, இரவு பத்து மணிக்கு என்று பொருள். படிப்பை முடித்தவருக்குச் சம்பளம் எத்தனை ரூபாய் கூடும் என்று அந்தக் கொள்கையில் தொகை எதுவும் குறிக்கப்படவில்லை. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய பி.வோக். என்னும் தொழிற்கல்விப் பட்டம், ஓராண்டில் பட்டயம், இரண்டாண்டில் மேற்பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்று படிப்படியாக ஏறவும் இடையில் நின்று பிறகு தொடரவும் இடம் தருவதால், வேலையிலிருக்கும் பெண்களுக்கு மிகவும் ஏற்ற அமைப்பு. ஆனால் ஒவ்வொரு படிக்கும் எதிரே ஓர் ஊதிய நிலை எழுதப்படாவிட்டால் அந்தப் படிகள் எங்கும் கொண்டுபோய் விடமாட்டா.

அயல்நாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்து 2002-இல், தன் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளத்தை வழங்க இசைந்து, பத்தாண்டுகளில் சிறார் கல்வி நிலையங்களில் அனைவரும் தகுதிபெற்ற ஆசிரியர்களாகவேண்டும் என்ற இலக்கையும் அதே ஆண்டில் வகுத்தது. பின்னால் வந்த அரசாங்கம் செலவுக்கு அஞ்சி இலக்கைத் தளர்த்தியது என்பது வேறு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2016-இல், சிறார் நிலையங்களில் கற்பிக்கும் பெண்களுக்குப் பட்டத் தகுதியை முதலில் விதித்தார்கள். சம்பளத்தை உயர்த்தப் பொதுநிதியிலிருந்து தொகை வழங்கத் தொடங்கியது 2022-இல். முதலில் படி, பணம் பிறகு என்று அங்கே பல ஆண்டுகள் இந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அப்படியென்றால், இங்கே எத்தனை ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வோம் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

தனியார் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஜயதசமி அன்று மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியுள்ள பள்ளிகளில் மூன்று வயதுக் குழந்தைகளைப் பட்டு உடுத்தி அழைத்துவந்து அரிசியில் அகரம் எழுதவைக்கும் பெற்றோர், அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு தட்சிணை வைத்த மரபின் வாரிசுகள். இன்று தட்சிணை அலுவலக ஜன்னலில் ரசீதோடு செலுத்தப்படுகிறது, தொகையும் சிறிதன்று. அதில் எத்தனை பங்கு, குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைத்த ஆசிரியைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. உஸ்மான் சாலைத் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது; அந்தப் பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டால் தொழிலாளி என்ற முறையில் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம். அதே தெருவின் மழலையர் பள்ளியில் பட்டம் பெற்று வேலை செய்பவளுக்கு, 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உன்னதம் குறுக்கே நிற்கிறது.

செய்யவேண்டியது என்ன? கடற்கரைச் சாலையில் 1914 முதல் இருந்துவரும் இராணி மேரி கல்லூரி அரசுக் கல்லூரி; அதில் மனையியல் துறை உண்டு; அருகிலேயே நொச்சிக்குப்பமும் சீனிவாசபுரமும் உள்ளன. பாலர் கல்வியில் தமிழ்வழி பி.வோக். பட்டத்தை அங்கே தொடங்கி, பத்தாண்டு வேலை செய்த பணியாளரின் அநுபவத்துக்கு முதலாண்டுக்கு ஈடான மதிப்பெண் கொடுத்து, அவர் வகுப்புக்குப் போகும் நாட்களில் மையத்தை நடத்த மாற்றுப் பணியாளரை அரசாங்கச் செலவில் அமர்த்தி, பட்டயத்துக்கு இன்ன விகிதம், பட்டத்துக்கு இடைநிலை ஆசிரியரின் விகிதம் என்று அரசாணையிலேயே அச்சிட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பம் கேட்கட்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களைப் படிக்கச் சொல்லி வதைக்கவேண்டியதில்லை; அவர்களுக்கு அநுபவமே தகுதி. செலவு பெரிது என்பார்கள், பெரிதுதான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் நிதி நிபுணர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பட்டம், பட்டயம் என்ற பேச்செல்லாம் பணியாளரைப் பற்றியே நடக்கிறது. குழந்தைக்குக் கால் கழுவி, சோறூட்டி, தூங்கவைத்து, பணியாளர் பதிவேட்டோடும் கைப்பேசியோடும் போராடும்போது அந்த அறையிலுள்ள குழந்தைகளோடு உண்மையில் பேசிக்கொண்டிருப்பவர் ரூ.4,100-இல் தொடங்கும் உதவியாளரான ஆயாம்மா. பேசத் தொடங்கும் வயதில் குழந்தை யாருடைய சொற்களை அதிகம் கேட்கிறதோ அவரே அதன் முதல் ஆசிரியர் என்றால், புதிய படிப்பின் இடங்களில் ஒரு பங்கு அவர்களுக்கென்று ஒதுக்கப்படவேண்டும்; அவர்கள் பத்தாம் வகுப்போடு நின்றவர்களாயிருந்தால், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் செலவையும் காலத்தையும் அரசாங்கமே ஏற்கவேண்டும்.